சதுரமும் அதன் பல தொழில்களும்

கும்பாபிஷேகக் காலத்தில் யாகசாலையை வலம் வரும் மெய்யன்பர்கள் அக்கினியை வணங்கி, கும்பங்களை வணங்கி, அப்பாற் செல்வது வழக்கம். அக்கினி எழும் குண்டங்களின் வடிவைக் கூர்ந்து நோக்குவார் சிலரே. நவகுண்டம் அமைத்த சாலையாயின் கிழக்கே சதுரம், தென்கிழக்கே யோனி வடிவம், தெற்கே அர்த்தசந்திரன், தென்மேற்கே முக்கோணம், மேற்கே வட்டம், வடமேற்கே அறுகோணம், வடக்கே பத்மம், வடகிழக்கே எண்கோணம் என எட்டுத் திக்கிற்கும் எட்டு வடிவங்கள் அமைந்திருக்கும். ஒன்பதாவதாகிய பிரதான குண்டம் கிழக்கிற்கும் ஈசான திக்கிற்கும் இடையே விளங்கும். ஆகம பேதத்தாற் சிறு வேறுபாடுகள் உண்டு. அவை ஈண்டு வேண்டா.

வடிவங்கள் எட்டாயினும் அவற்றின் பரப்பு ஒன்றே என்பது பலரும் அறியாத செய்தி. ஒரு முழக் குண்டம் என்பது 24 அங்குலம் பக்கமுள்ள சதுரம். அதன் பரப்பு, 24ஐ 24ஆற் பெருக்கிய 576 சதுர அங்குலம். வட்டமும் முக்கோணமும் பத்மமும் அந்த 576ஐயே கொள்ளுமாறு இயற்றப்பெறல் வேண்டும் என்பது குண்ட நூலார் விதி. இந்திரனுக்கு ஓர் அளவு, வருணனுக்கு ஓர் அளவு என்று ஏற்றத்தாழ்வு செய்ய நூல் இடங்கொடுக்கவில்லை. வடிவம் தத்தம் தெய்வத்துக்கேற்ப மாறும், பரப்பு மாறாது. அச்சமத்தை அளந்து காட்டும் பொறுப்புச் சதுரத்துக்கு வாய்த்தது.

அம்மையார் அவதரித்த காரைக்காற் பதியின் விழா மலரில் சதுரத்தைப் பற்றி எழுதப் புகுந்தமைக்கு இதுவே காரணம். கணிதத்தின் ஒவ்வொரு பிரிவிலும் சதுரம் ஒவ்வொரு தொழில் செய்கிறது. வேள்விக் கூடத்தில் அது வடிவங்களை ஒப்பிடும் அளவை. வயலில் அது நிலத்தை எண்ணும் அலகு. சிற்ப நூலில் தெய்வங்களுக்கு இடம் பகிரும் கட்டம். யந்திரத்தில் எண்களை நிறுத்தும் தராசு. தூய எண் கணிதத்தில் எல்லா எண்களுக்கும் உறுப்பாகும் பொருள். ஒரு தொழிலை மற்றொன்றாக மயங்குவதால் விளையும் கேடு சிறிதன்று. பொருட் கேடும் உண்டு. அறிவுக் கேடும் உண்டு.

முதலில் யாகசாலையிலேயே நிற்போம். ஆகுதியின் தொகை பெருகப் பெருகக் குண்டமும் பெருகல் வேண்டும். ஆயிரம் ஆகுதிக்கு ஒரு முழக் குண்டம், பதினாயிரத்துக்கு இரு முழக் குண்டம், நூறாயிரத்துக்கு நான்கு முழக் குண்டம் என்று நூல்கள் வகுக்கும். இரு முழக் குண்டம் என்றதும் பக்கத்தை இரட்டித்து 48 அங்குலம் என்று கொள்வது இயல்பான பிழை. அங்ஙனம் கொண்டால் பரப்பு 2,304 ஆகிவிடும். அஃது இரு மடங்கன்று, நான்கு மடங்கு. 48 அங்குலப் பக்கம் உடையது நான்கு முழக் குண்டமே. இரு முழக் குண்டத்துக்கு வேண்டும் பரப்பு 1,152. அதன் பக்கம் 34 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு.

இந்த 34ஐ முன்னோர் எவ்வாறு கண்டனர்? பெருக்கல் வாய்ப்பாடு கொண்டன்று, கயிறு கொண்டு. ஒரு முழச் சதுரத்தின் மூலைக்கு மூலை கயிறு பிடித்தால் அக்கயிற்றின் நீளமே இரட்டைப் பரப்புச் சதுரத்தின் பக்கமாகும். கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்ட போதாயன சுல்ப சூத்திரம் இதனை விதியாகவே கூறுகிறது. சுல்பம் என்னும் சொல் கயிற்றையே குறிக்கும் என்ப. நீள்சதுரத்தின் மூலைக் கயிறு, அதன் நீளமும் அகலமும் தனித்தனியே ஆக்கும் இரு சதுரங்களின் பரப்பையும் சேர்த்து ஆக்கும் என்ற பொது விதியும் அந்நூலிலேயே உள்ளது; பள்ளிப் பிள்ளைகள் பைதகோரஸ் தேற்றம் என்று படிப்பது இதுவே. கயிறு இல்லாதபோது எண்ணாற் காணவும் வழி சொல்லப்பட்டது. பக்கத்தோடு அதன் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு. அப்பங்கின் நான்கில் ஒன்றையும் கூட்டு. அவ்விறுதிப் பங்கின் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழி. 24 அங்குலத்துக்கு இவ்வாறு செய்தால் 24, 8, 2 கூடி 34 ஆகி, அதில் ஓர் அங்குலத்தின் பதினேழில் ஒரு பங்கு கழியும். உண்மை அளவுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. நெல்லின் உமிக்குக்கூட அது போதாது.

திருப்பணி அன்பர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. சதுர மண்டபத்தை இரு மடங்காக்கித் தருகிறேன் என்று ஒருவர் வாக்களித்துப் பக்கத்தை இரட்டித்து வரைபடம் எழுதச் செய்தால், தளக் கல் நான்கு மடங்கு கேட்கும். வாக்களித்தவர் திகைப்பார், ஸ்தபதியைக் குறை கூறுவார். குறை ஸ்தபதியிடம் இல்லை.

சதுரத்தைச் சதுரமாக இரட்டிப்பது இவ்வளவு எளிதாயினும், சதுரத்தை வட்டமாக்குவது எளிதன்று. மேற்குத் திக்கின் வட்டக் குண்டம் 576 சதுர அங்குலம் கொள்ள வேண்டுமாயின் அதன் விட்டம் ஏறக்குறைய 27 அங்குலமும் அரை யவத்துக்குச் சற்று மிகுதியுமாக, அதாவது 27.08 அங்குலமாக அமைதல் வேண்டும். போதாயனர் சொன்ன வழி வேறு. பாதிப் பக்கத்துக்கும் பாதி மூலைக் கயிற்றுக்கும் உள்ள வேற்றுமையில் மூன்றில் ஒரு பங்கைப் பாதிப் பக்கத்தோடு சேர்த்து, அதனை ஆரமாகக் கொண்டு வட்டம் வீசுக என்றார். அவ்வழியிற் பரப்பு ஏறத்தாழ 586 ஆகும். நூற்றுக்கு இரண்டு பங்கு கூட மிகாத பிழை. கயிறும் முளையும் கொண்டு செய்த காலத்துக்குப் பெருஞ்செயலே. ஆயினும் பிழை பிழையே. வட்டத்துக்குச் சமமான சதுரத்தைக் கோலும் கவராயமும் மட்டும் கொண்டு பிழையின்றி வரைதல் இயலவே இயலாது என்று 1882ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு லிண்டமன் நிறுவினார். இச்செய்தியை நினைவில் இருத்துக. இதே ஆற்றுப் பாய்ச்சலில் வளர்ந்த ஒருவர் இதனோடு விளையாடியதைப் பின்னர்க் காண்போம்.

இனி யாகசாலையை விட்டு வயலுக்குச் செல்வோம். தமிழில் குழி என்னும் சொல் பள்ளத்தையும் குறிக்கும், நிலத்தின் சதுர அளவையும் குறிக்கும். குண்டம் என்பதும் ஒரு குழியே. வேள்விக்கு ஒரு குழி, வேளாண்மைக்கு ஒரு குழி! கோலின் நீளம் பண்டு ஊர்தோறும் வேறுபட்டது. தஞ்சைப் பகுதியில் நிலைபெற்ற கணக்கில் 12 அடிக் கோலின் சதுரம் ஒரு குழி. அஃதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இன்றும் நம் பக்கத்து உழவர் வயலை மாக் கணக்கிலே பேசுவதைக் கேட்கலாம்; ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். 1739ஆம் ஆண்டிற் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1ஆம் நாள் அவர் ஆட்சி நீங்கும் வரை, அவர்கள் அளவைகளும் இம்மண்ணிற் படிந்தன. 10 மீட்டர்ச் சதுரம் ஓர் ஆர். 100 மீட்டர்ச் சதுரம் ஒரு ஹெக்டேர். அவர்கள் அலகும் சதுரமே, நம் அலகும் சதுரமே. ஒரு வேலி 2.67 ஹெக்டேருக்குச் சிறிது மேல் என்று ஈடு கட்டிக் கொண்டு இரண்டும் அருகருகே வாழ்ந்தன.

கோயில் நிலமெல்லாம் இக்குழிக் கணக்கிலே வந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் தேவதான நிலங்களை வேலியும் மாவும் காணியும் முந்திரியும் கீழுமாக நுணுகிக் கூறுகின்றன. இந்நுட்பத்துக்குப் பயிற்சி எங்கே கிடைத்தது? திண்ணைப் பள்ளியிலே. எண்சுவடியோடு குழிமாற்று என்றொரு வாய்ப்பாடு அங்கே மனப்பாடம் செய்விக்கப்பட்டது. ஓர் எண்ணைத் தன்னாலேயே பெருக்கினால் வரும் வர்க்கத்தின் பட்டியல் அது. முழு எண்களின் குழியும் உண்டு, பின்னங்களின் குழியாகிய சிறுகுழியும் உண்டு. பின்னங்களின் குழியில்தான் சுவை மிகுதி. அரையின் குழி கால். காலின் குழி வீசம். முக்காலின் குழி அரையே வீசம். முழு எண்ணைக் குழித்தால் அது வளரும். பின்னத்தைக் குழித்தால் அது தேயும். 320இல் ஒரு பங்காகிய முந்திரியைக் குழித்தால் 1,02,400இல் ஒரு பங்காகும். அதற்குக் கீழ்முந்திரி என்று தனிப்பெயரே வைத்திருந்தனர். எட்டு வயதுப் பிள்ளை திண்ணையில் அமர்ந்து மணலில் எழுதி, உரக்கச் சொல்லி இதனை நெட்டுருச் செய்தான் என்றால், அது வெறும் கிளிப்பாடம் என்று இகழ்வோர் ஒரு முறை தாமே சொல்லிப் பார்க்கலாம். இன்று குழிமாற்றுச் சொல்லத் தெரிந்தவரைக் காண்பது அரிது. அதனை இழந்தது குறித்து எமக்கு வருத்தம் உண்டு.

கணக்கதிகாரம் இயற்றிய காரிநாயனார் வட்ட நிலத்துக்கும் குழி காணும் வழி கூறினார். சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்கினாற் குழி தோன்றும் என்பது அதன் கருத்து. முற்றும் சரியான விதி. வட்டத்துக்குள்ளே சதுரம் இல்லை. எனினும் வட்டத்தை எண்ணுவதற்குச் சதுரமே வேண்டியிருந்தது.

நால்மூலை வயலில்தான் வழக்குப் பிறந்தது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, இரு பாதிகளையும் பெருக்குவது நிலம் அளப்போர் பல நாட்டிலும் கையாண்ட சுருக்கு வழி. நான்கு மூலையும் செங்கோணமாயின் இவ்வழி பிழையாது. வயல் சாய்ந்திருந்தாலோ? நான்கு வரப்பும் தனித்தனி 10 கோல் உள்ள வயல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுருக்கு வழியில் அது 100 குழி, ஒரு மா. ஆனால் அவ்வயல் ஒரு பக்கமாகச் சரிந்து, எதிர் வரப்புகளுக்கு இடையே நேர் தூரம் 8 கோலாக இருக்குமாயின் உண்மைப் பரப்பு 80 குழியே. வரப்பைச் சுற்றி அளந்தவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நாற்றங்காலுக்கும் நெல்லுக்கும் இரண்டும் ஒன்றல்ல. அந்நிலத்தைப் பயிரிடும் குடியானவன் 80 குழி விளைவிலிருந்து 100 குழிக்கு வாரம் அளக்கிறான். அதே நிலம் கோயிலுக்குத் தானமாக வந்திருந்தால், சாசனத்தில் ஒரு மா, கைக்கு வந்தது அதன் ஐந்தில் நான்கு பங்கு என்பதாக இறைவன் சொத்திலே 20 குழி காற்றோடு போகிறது. இச்சுருக்கு வழி ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. சொன்னால் மிகுத்தே சொல்லும். ஆதலின் வாங்குவோன் எப்போதும் ஏமாறுவான்.

இதனை நம் கணித நூலார் அறியாதிருக்கவில்லை. 628ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் இச்சுருக்கு வழியைச் சொல்லி, இது ஸ்தூலமான பரப்பு என்று பெயரிட்டு, நுட்பமான வழி ஒன்றும் தந்தார். அவ்வழியோ நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமையும் நிலத்துக்கே பொருந்துவது. மேலே சொன்ன சாய்ந்த வயலில் அதுவும் 100 என்றே விடை தரும். 1150இல் லீலாவதி செய்த பாஸ்கராசாரியார் இவ்விடத்திற் பொறுமை இழந்தார். மூலைக் கயிறோ செங்குத்தோ சொல்லாமல் நான்கு பக்கங்களை மட்டும் கூறிப் பரப்புக் கேட்பவன் பிசாசு என்றும், அக்கேள்விக்கு விடை சொல்பவன் அவனினும் கீழானவன் என்றும் கடிந்தார். கணக்கு நூலில் இத்துணைக் கோபம் வேறெங்கும் யாம் கண்டதில்லை. கோயில் நிலங்களை அளந்து புதிதாக ஏடு எழுதும் பொறுப்பில் உள்ளோர் அக்கோபத்தை நினைவிற் கொண்டு மூலைக்கு மூலையும் ஒரு சங்கிலி பிடித்துப் பார்ப்பது நலம்.

சிற்ப நூலிற் சதுரத்தின் தொழில் அளப்பதன்று, பகிர்வது. கோயில் எழும்பும் மனையைச் சதுரமாக்கி, அதனைச் சிறு பதங்களாகப் பிரித்து, ஒவ்வொரு பதத்துக்கும் ஒரு தெய்வத்தை இருத்துவர். மயமதம் ஒரு பதம் முதல் 1,024 பதம் வரை 32 வகை கூறும்; ஒவ்வொன்றும் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்ணாகவே அமையும். புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் அந்நூலைப் புரூனோ தாகன் மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. மிக்க வழக்கில் உள்ளவை இரண்டே: 64 பதம் கொண்ட மண்டூகம், 81 பதம் கொண்ட பரமசாயிகம். 81இல் நடுவே ஒரு பதம் உண்டு. பிரமன் அதனைச் சூழ 9 பதங்களில் அமர்வான். 64இல் நடுப்பதம் என்பதே இல்லை. இரு கோடுகள் வெட்டும் புள்ளிதான் நடு, அதனைச் சுற்றி 4 பதங்கள் பிரமனுக்கு. ஒற்றை எண்ணின் வர்க்கத்துக்கும் இரட்டை எண்ணின் வர்க்கத்துக்கும் உள்ள வேற்றுமை இங்கே கருவறையின் அமைப்பாகவே வெளிப்படுகிறது. இதற்கு மேல் இத்துறையிற் பேச ஸ்தபதிகளே உரியர்.

காரைக்காலிலிருந்து சிறிது தொலைவே உள்ள திருநள்ளாற்றுக்கு வருவோம். தர்ப்பாரண்யேசுவரர் எழுந்தருளிய அப்பதியிற் சனி பகவானை வழிபட அடியார் திரள்வதை உலகம் அறியும். நவக்கிரக யந்திரங்களிற் சதுரம் புதியதொரு தொழில் செய்கிறது. அங்கே பரப்பு முக்கியமன்று. ஒன்பது கட்டங்களில் எண்களை இட்டு, குறுக்கே கூட்டினும் நெடுக்கே கூட்டினும் மூலைக்கு மூலை கூட்டினும் ஒரே தொகை வருமாறு நிறுத்துவதே முக்கியம். சூரிய யந்திரத்தில் முதல் வரிசை 6, 1, 8. இடை வரிசை 7, 5, 3. கடை வரிசை 2, 9, 4. எவ்வழிக் கூட்டினும் 15. சனி யந்திரத்தில் முதல் வரிசை 12, 7, 14. இடை வரிசை 13, 11, 9. கடை வரிசை 8, 15, 10. எவ்வழிக் கூட்டினும் 33.

இரண்டையும் அருகருகே எழுதிப் பார்ப்பவர்க்கு ஓர் உண்மை புலனாகும். தந்தையாகிய சூரியனின் ஒவ்வொரு கட்டத்தோடும் 6 கூட்டினால் மகனாகிய சனியின் யந்திரம் கிடைத்துவிடும். ஞாயிறு முதல் நாள். அவன் யந்திரம் 1இல் தொடங்கும். திங்கள் 2இல் தொடங்கித் தொகை 18 ஆவான். இவ்வாறே நாளுக்கு மூன்றாகத் தொகை ஏறி, ஏழாம் நாளுக்குரிய சனி 7இல் தொடங்கி 33இல் நிற்பான். ராகுவும் கேதுவும் அதற்கு மேல் 36, 39. ஒன்பது யந்திரங்களை நெட்டுருச் செய்ய வேண்டா. ஒன்றை அறிந்து வாரத்தின் வரிசையை அறிந்தால் போதும். யந்திரம் எழுதியோர் நினைவுக்கு எவ்வளவு அருமையான வழி செய்திருக்கின்றனர்!

மேல்நாட்டார் வழக்கு வேறு. 1533இல் வெளிவந்த அக்ரிப்பாவின் நூலில் 15 தொகையுள்ள அதே மூன்று வரிசைச் சதுரம் சூரியனுக்கன்றிச் சனிக்கே உரியதாகக் காட்டப்பட்டுள்ளது. சூரியனுக்கு அங்கே ஆறு வரிசைச் சதுரம். ஆகவே இன்ன எண் இன்ன கிரகத்துக்கு என்பது மரபினால் அமைந்தது. கூட்டுத்தொகை ஒத்து வருவது மட்டுமே கணிதத்தால் அமைந்தது. அடியார் மரபைப் போற்றுக. அதனைக் கணிதம் நிறுவியதாகக் கூறற்க. செயற்கைக்கோள்கள் திருநள்ளாற்றுக்கு மேலே வந்ததும் சில வினாடி நின்று செல்கின்றன என்று ஒரு கதை பரவியிருக்கிறது. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. சம்பந்தப் பெருமான் பதிகம் நெருப்பிலும் வேகாது பச்சையாய் மீண்ட வரலாறுடைய தலத்துக்கு இத்தகைய பொய்ச் சான்று எதற்கு?

இவ்வெண் சதுரங்களின் கணிதம் நம் நாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்டது. நாராயண பண்டிதர் 1356இல் இயற்றிய கணித கௌமுதியின் இறுதி அத்தியாயம் முழுவதும் இதற்கே உரியது. கஜுராஹோவில் பார்சுவநாதர் கோயிலில் 1 முதல் 16 வரை நிறுத்தி எவ்வழியும் 34 வரும் நான்கு வரிசைச் சதுரம் பொறிக்கப்பட்டுள்ளது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் தூதராகச் சயாம் நாட்டுக்குச் சென்ற லா லூபேர், 1688இல் கப்பலில் திரும்புகையிற் பொழுதுபோக்காக இச்சதுரங்களைக் கட்டிக் கொண்டிருந்தார். உடன் வந்த ஒருவர், சூரத்து நகரத்து இந்தியர் இதனை மிக எளிதாகச் செய்வர் என்று சொல்லி அம்முறையைக் கற்பித்தார். ஒற்றை எண் வரிசை எத்தனையாயினும், எழுதுகோலை ஒரு மூலை நோக்கிச் சாய்வாக நகர்த்திக் கொண்டே நிரப்பும் முறை அது. 1691இல் அவர் தம் நூலில் அதனை எழுத, ஐரோப்பா அதற்குச் சயாம் முறை என்று பெயர் வைத்தது. சூரத்துக்காரர் பெயர் ஒன்றும் எஞ்சவில்லை. நம்மவர் கண்டதையெல்லாம் பிறர் திருடினர் என்று மேடைதோறும் முழங்குவோரோடு எமக்கு உடன்பாடு இல்லை. லா லூபேர் தாம் கேட்ட இடத்தை மறைக்கவில்லை. பெயர் வைத்த பின்வந்தோர் நூலைப் படிக்கவில்லை, அவ்வளவே.

காரைக்காலில் கடலோடு கலக்கும் அரசலாறு கும்பகோணத்தைத் தொட்டு வருவது. அவ்வூரில், சார்ங்கபாணி சந்நிதித் தெருவில், சீனிவாச ராமானுஜன் வளர்ந்தார். 1887இல் ஈரோட்டிற் பிறந்து 1920இல் மறைந்த அவர், நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் பேரன்பு பூண்டவர் என்பது யாவரும் அறிந்தது. அவர் குறிப்பேட்டின் முதல் அத்தியாயம் எதைப் பற்றியது தெரியுமா? எண் சதுரங்களைப் பற்றியது. பள்ளிப் பருவத்து விளையாட்டிலிருந்தே அது தொடங்கியது போலும்.

1913ஆம் ஆண்டில் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் அவர் எழுதிய சிறு குறிப்பு ஒன்று, நம் யாகசாலையின் பழைய சிக்கலையே எடுத்தது: வட்டத்துக்குச் சமமான சதுரம் வரைதல். பிழையற்ற வழி இல்லை என்று லிண்டமன் நிறுவி 31 ஆண்டு ஆகியிருந்தது. ராமானுஜன் அதனை மறுக்கவில்லை. 113க்கு 355 என்னும் விகிதம் கோலும் கவராயமும் கொண்டே கிடைக்குமாறு ஓர் அமைப்பைக் காட்டினார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் என்று கொண்டாலும், வரையப்பட்ட சதுரத்தின் பக்கம் உண்மை அளவினும் ஏறக்குறைய ஓர் அங்குலமே மிகும் என்று அவரே எழுதினார். போதாயனர் வழியில் நூற்றுக்கு இரண்டு பங்காக நெருங்கிய பிழை, இவ்வளவு நாடு தழுவிய வட்டத்தில் ஓர் அங்குலமாகச் சுருங்கியது.

சதுரத்தின் கடைசித் தொழிலையும் அவரிடமே காணலாம். இங்கே வடிவமும் இல்லை, பரப்பும் இல்லை, கட்டமும் இல்லை; வர்க்க எண் மட்டுமே உண்டு. எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம் என்று 1770இல் லாக்ராஞ்சு நிறுவினார். 7 என்பது 4, 1, 1, 1. சனியின் 33 என்பது 25, 4, 4. நான்காவது இடத்துக்குச் சுழி. எந்த எண்ணும் விடுபடாது. ராமானுஜன் இதனினும் மேற்சென்று கேட்டார்: முதல் வர்க்கத்தை ஒரு மடங்கு, அடுத்ததை இரு மடங்கு என இவ்வாறு மடங்குகளை மாற்றி இட்டால், எந்தெந்த மடங்குகள் எல்லா எண்களையும் தரும்? 1917இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்ட கட்டுரையில் அத்தகைய நான்மடங்குத் தொகுதிகள் 55 என்று பட்டியல் இட்டார்.

அவற்றில் 54 சரி. 1, 2, 5, 5 என்னும் ஒன்று தவறியது என்று 1927இல் டிக்ஸன் எடுத்துக் காட்டினார். அது தராத எண் 15 ஒன்றே. அன்பர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். இரு வர்க்கங்களின் ஐந்து மடங்காக 15இலிருந்து கழிக்கக் கூடியவை 0, 5, 10 ஆகிய மூன்றே. 15ஐயே கழிக்க வேண்டுமாயின் 3 என்பது இரு வர்க்கங்களின் கூட்டாதல் வேண்டும், அஃது இயலாது. எஞ்சுவன 15, 10, 5. இவற்றில் எதனையும் ஒரு வர்க்கமும் மற்றொரு வர்க்கத்தின் இரு மடங்குமாகப் பிரிக்க வாராது. குழிமாற்று அறிந்த திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கு இது கால் நாழிகை வேலை.

இப்பிழை வீண் போகவில்லை. 1993இல் கான்வே என்பாரும் ஷ்னீபெர்கர் என்பாரும் ஆராய்ந்தபோது, இதே 15 ஓர் எல்லைக் கல்லாக வெளிப்பட்டது. ராமானுஜன் எடுத்தாண்டவை போன்ற வர்க்க வடிவம் ஒன்று 1 முதல் 15 வரையுள்ள எண்களைத் தந்துவிடுமாயின், அதற்கு மேற்பட்ட எல்லா எண்களையும் தந்தே தீரும். அவற்றிலும் 1, 2, 3, 5, 6, 7, 10, 14, 15 என்னும் ஒன்பது எண்களைச் சோதித்தாற் போதும். இதற்கு எளிய நிறுவலைத் தந்தவர், இந்திய மரபினரும் 2014இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்றவருமாகிய மஞ்சுள் பார்கவா. சூரிய யந்திரத்தின் கூட்டுத்தொகையும் 15, இத்தேற்றத்தின் எல்லையும் 15 என்பதைக் கண்டு, இரண்டிற்கும் தொடர்பு உண்டோ என்று ஓர் அன்பர் எம்மை வினவினார். இல்லை என்றே விடை கூறினோம்.